பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் வேலை நேரமே!

சதுரங்கப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் விடியற்காலை 5 மணிக்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. மறைமலைநகர் பாக்டரிகளுக்குப் போகும் காண்டிராக்ட் தொழிலாளிகள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பங்களா கட்டும் இடங்களுக்குப் போகும் கொத்தனார்கள், சித்தாள்கள், திருக்கழுக்குன்றம் பக்கம் நடவுக்குப் போகும் பெண்கள், எல்லோரும் கையில் சோற்றுத் தூக்குடன் நிற்கிறார்கள்.

பக்கத்துக் கல்பாக்கத்தில் 1980களிலிருந்து அணுமின்சாரம் உற்பத்தியாகிறது. ஆனால் இந்தக் கரையில் ரயில் கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கடலூருக்கு ரயில் பாதை என்று பல வருஷங்களாகச் சொல்லி வருகிறார்கள். அந்த ரயில் பட்ஜெட் காகிதத்தில் ஓடுகிறது, தண்டவாளத்தில் ஓடவில்லை. ஆகவே ரயில் பிடிக்க வேண்டுமானால் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில்தான் போகவேண்டும். பஸ் தவறினால் ரயில் தவறும். ரயில் தவறினால் ஷிப்டு தவறும். ஷிப்டு தவறினால் அன்றைய கூலி போயிற்று.

பஸ் வராத நாளில் வருவது குட்டியானை. காய்கறி மூட்டையும் சிமெண்டும் ஏற்றும் வண்டியில், பின்தட்டில் பதினைந்து இருபது பேர், நின்றபடியே கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்கிறது சட்டம். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி அபராதம் போடுகிறார். சரி. பஸ் வராததற்கு யார் மீது அபராதம் போடுவது?

கணக்குப் பார்ப்போம். ஷிப்டு 8 மணி நேரம். போவதற்கு 2 மணி, வருவதற்கு 2 மணி. ஆக 12 மணி நேரம். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மே 1 அன்று, அந்த மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதற்குச் சரியாக 100 வருஷங்களுக்கு முன்புதான், 1923 மே 1 அன்று, தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சட்டசபை வழியாக வர முடியாத 12 மணி நேரம், இப்போது பஸ் நிறுத்தத்தின் வழியாக வருகிறது. அந்த 4 மணி நேரத்துக்கு எந்த முதலாளியும் காலணா கொடுப்பதில்லை.

பஸ் பொதுச் சொத்து ஆனது சும்மா நடந்ததல்ல. 1972ல்தான் பெரிய தனியார் கம்பெனிகளின் பஸ்கள் அரசுடைமையாகி, பாண்டியன், சேரன் என்று போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. லாபம் வராத ரூட்டிலும் பஸ் ஓடவேண்டும் என்பதே அதன் பொருள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இதை நாம் மனமார வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். நடவுக்குப் போகும் பெண்ணின் கூலியில் ஒரு பகுதி இதனால் வீட்டுக்கு வந்து சேருகிறது. ஆனால் சாதாரணக் கட்டணப் பஸ் வந்தால்தானே இலவசம்! அதற்காக ஒரு மணி நேரம் நின்று பார்த்து, கடைசியில் குட்டியானைக்காரரிடம் காசு கொடுத்து ஏறும் பெண்ணுக்குச் சர்க்கார் கொடுத்த சலுகை எங்கே போயிற்று?

சர்க்கார் போகும் திசையும் நமக்குக் கவலை தருகிறது. 2025 ஜூனில் துவக்கிய புதிய மினிபஸ் திட்டம், பஸ் எட்டாத கிராமங்களைத் தனியாரிடம் விடுகிறது. அந்த வண்டிகளில் பெண்களுக்கு இலவசம் இல்லை. அதே மாதம் சென்னையில் இறக்கிய மின்சார பஸ்களில் வண்டியும் டிரைவரும் கம்பெனியைச் சேர்ந்தவர்கள்; கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கட்டுகிறது. 1972ல் முன்வாசல் வழியாகப் போன முதலாளி, பின்வாசல் வழியாக வருகிறார்.

கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 400 கோடி ரூபாயில் கட்டி, 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் ரயில் நிலையம் கட்டி முடிப்பதற்கு முன்பே கோயம்பேட்டிலிருந்து தென்மாவட்டப் பஸ்களை அங்கே மாற்றிவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மூட்டை முடிச்சோடு வேலை தேடி வந்த விவசாயத் தொழிலாளி, நள்ளிரவில் அங்கே இறங்கி, ஊருக்குள் போக இன்னொரு பஸ் தேடி நின்றான். கார் வைத்திருப்பவர் யாரும் அப்படி நிற்கவில்லை.

சென்னையைச் சிங்கப்பூர் ஆக்குவோம் என்று பேசுவது நமது ஆட்சியாளர்களுக்குப் பழைய பழக்கம். சிங்கப்பூரில் 1987லிருந்து மெட்ரோ ரயில் ஓடுகிறது. மூலைக்கு மூலை பஸ் உண்டு. இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரைக் கட்டும் தமிழ்த் தொழிலாளியும் வங்கத் தொழிலாளியும் வேலைக்குப் போவது லாரியின் பின்தட்டில். சரக்கு லாரியில் ஆள் ஏற்றக் கூடாது என்ற விதி அங்கும் உண்டு. கம்பெனி தன் தொழிலாளிகளை ஏற்றினால் மட்டும் விலக்கு! 2021 ஏப்ரலில் அப்படிப் போன ஒரு லாரி விபத்துக்குள்ளாகி இரண்டு தொழிலாளிகள் மாண்டார்கள். 2023ல் பல அமைப்புகள் இதைத் தடை செய்யக் கோரின. தடை போட்டால் சிறு கம்பெனிகள் தாங்கமாட்டா என்று அந்நாட்டுச் சர்க்கார் மறுத்துவிட்டது. சதுரங்கப்பட்டினத்துக் குட்டியானையும் சிங்கப்பூர் லாரியும் ஒரே இனம். தொழிலாளியை மூட்டையாகப் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

பஸ் வராவிட்டால் கண்டக்டரிடம் சண்டை பிடிப்பது சுலபம். நாமும் பிடித்திருக்கிறோம். ஆனால் 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, காலியாக இருக்கும் வேலைகளுக்கு ஆள் எடுங்கள் என்பது. ஆள் இல்லாத டிப்போவிலிருந்து பஸ் எப்படி வரும்? அது அவர்களுடைய கோரிக்கை மட்டுமல்ல, நம்முடையதும்.

ஷிப்டு நேரத்துக்கு ஏற்ற பஸ் வேண்டும். அது சாதாரணக் கட்டணப் பஸ்ஸாக இருக்கவேண்டும். கழகமே ஓட்டவேண்டும். இரண்டாவது ஷிப்டு முடிந்து வருபவர்களுக்குச் செங்கல்பட்டிலிருந்து இரவில் கடைசி ரயிலுக்குப் பிறகும் ஒரு பஸ் புறப்படவேண்டும்.

கிளைத் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நிறுத்தத்துக்கு ஒருவராக, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எது வரவில்லை, எத்தனை பேர் குட்டியானையில் ஏறினார்கள் என்று ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். மே 1 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. நோட்டை அங்கே படித்துத் தீர்மானம் போடவேண்டும். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். தீர்மான நகலை எடுத்துக்கொண்டு ஊருக்கு இரண்டு பேர் போனால் போதாது. பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் முழுவதும் போகவேண்டும்.