தஞ்சை வாள்களின் உடைமை வரலாறு எங்கே?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் வைக்கப்பெற்றுள்ளன. காணச் செல்லும் நம் பிள்ளைகள் அவற்றின் வேலைப்பாட்டை வியக்கின்றனர், திரும்பி விடுகின்றனர். அவை எவர் கையிலிருந்து எவர் கைக்கு, எம்முறையில் வந்தன என்று கேட்பாரில்லை.

1855-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாசி ஆண்பிள்ளையின்றி இறந்தார். ‘வழித்தோன்றல் இல்லை, ஆகவே அரசும் இல்லை’ என்றது கும்பினி ஆட்சி. நாடு போயிற்று. படைக்கொட்டிலில் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து கிடந்த வாளும் ஈட்டியும் கட்டாரியும் யானைத் தோட்டியும் என்னாயின? சென்னை ஆட்சிப்பணியில் இருந்த வால்கவுசு என்னும் ஆங்கிலேயர் 1878-இல் இதனை எழுதிவைத்தார். (நம் கோவைப் பகுதிப் பெருங்கற் கல்லறைகளைப் பற்றி 1875-இல் எழுதியவரும் இவரே.) நல்லனவற்றை அருங்காட்சியகத்திற்கெனப் பொறுக்கியெடுத்தனராம். எஞ்சியவற்றை உடைத்து நொறுக்கிப் பழைய இரும்பு விலைக்கு விற்றனராம்! அரசனின் படைக்கலத்தைக் காயலான் கடைச் சரக்காக்கியவர்களே நமக்கு நாகரிகம் கற்பிக்க வந்தவர்கள்!

அனைத்தும் உடைபட்டனவா? இல்லை. நியூயார்க்குப் பெருநகர அருங்காட்சியகத்தில் தஞ்சைக் கட்டாரிகள் உள்ளன. சியார்ச்சு காமரன் சுடோன் என்னும் அமெரிக்கர் 1935-இல் இறுதிமுறி எழுதி அளித்த தொகுப்பில் வந்தவை பல. அளித்தவர் பெயர் அட்டையில் நிற்கிறது, நன்று. தஞ்சைக் கொட்டிலுக்கும் சுடோன் பேழைக்கும் இடையே கிடக்கும் எழுபது ஆண்டுகளுக்குக் கணக்கு யார் காட்டுவது? கொடுத்தவன் கையில் அது வந்த நாளிலிருந்து வரலாறு தொடங்கினால், அதனை இடுப்பில் செருகிப் போருக்குச் சென்றவன் யார்? அவன் வரலாற்றில் இல்லாதவனா?

காந்திபுரத்து அன்பர் ஒருவர் என்னிடம் வினவினார்: “நாயக்கரும் மராட்டியரும் வேற்றுமொழியாளரே, அவர்தம் வாளுக்கு நாம் ஏன் அழவேண்டும் ஐயா?” நல்ல வினாவே. அரியணையில் இருந்தவன் எம்மொழியான் ஆயினும், அக்கொட்டிலுக்கு விலை கொடுத்தது காவிரிக் கழனியில் உழுதவனின் வரி. அலகுகள் சில ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்பதும் உண்மை, அதனையும் எழுதட்டும்! உண்மைக்கு நாம் அஞ்சவேண்டியதில்லை. நொய்யற் கரையில் கொடுமணலை 1985 முதல் அகழ்ந்தபோது இரும்புருக்கிய உலைகள் வெளிப்பட்டன. இரும்பின் தொன்மையைக் கொங்கு நாட்டானுக்கு எவனும் கற்பிக்க வேண்டா.

ஆதிச்சநல்லூர்க் கதையும் இதுவே. 1876-இல் யாகோர் என்னும் செருமானியர் தோண்டியவை பெர்லினுக்குப் போயின. அலெக்சாந்தர் இரீயா 1899 முதல் தோண்டிய வாளும் வேலும் எழும்பூருக்கு வந்தன. ஒரே தாழியூரின் பொருள்கள் இரு கண்டங்களில்!

திருமேனிகளுக்கு வழி பிறந்துள்ளது. பத்தூர் ஆடவல்லானை இலண்டன் முறைமன்றம் 1988-இல் நம் பக்கம் தீர்த்தது. 1991-இல் திருமேனி தாயகம் மீண்டது. சிறீபுரந்தான் ஆடவல்லான் 2014-இல் ஆத்திரேலியாவிலிருந்து மீண்டார். களவைக் காட்டிக்கொடுத்தவற்றுள் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்துவைத்த ஒளிப்படங்களும் உண்டு. வாளுக்கு அத்தகைய படம் ஏது? அதற்குரிய சான்று பழைய அரசுக் கோப்பிலும் ஏலப் பட்டியலிலும்தான் தேடப்பட வேண்டும். தேடுவதற்கு ஆளை அமர்த்துவது அரசின் கடன்.

நாம் கேட்பது மிகையன்று. எழும்பூரில் உள்ள தஞ்சை, புதுக்கோட்டைப் படைக்கலம் ஒவ்வொன்றிற்கும் வந்த ஆண்டு, வந்த வழி, முன்னை உடைமையாளர் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைக்கட்டும். பொறுக்கியெடுத்த நாளின் பட்டியலை அச்சிட்டு வெளியிடட்டும். எழுதும்போது ‘கவசம்’ என்னும் வடசொல்லும் வேண்டா. பதிற்றுப்பத்து சேரவேந்தரை ‘மெய்ம்மறை’ என்று போற்றியிருக்க, நமக்குக் கடன்சொல் எதற்கு?

இக்கோரிக்கையை அஞ்சலட்டையில் எழுதி அருங்காட்சியக இயக்குநர்க்கு விடுக்குமாறு கொங்குநாட்டுத் தமிழாசிரியர்களை வேண்டுகிறேன். தமிழில் கையொப்பமிடுக.