பதிப்பு எண் ஏறினால் பாதுகாப்பும் ஏறிவிடுமா?

டேட்டாபேஸை அடுத்த பதிப்புக்கு உயர்த்திவிட்டால் பாதுகாப்பும் தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கை ஐடி துறையில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. தணிக்கைக்கு வருபவர் பதிப்பு எண்ணைக் கேட்கிறார். புதிய எண்ணைச் சொன்னதும் டிக் அடித்துவிட்டுப் போகிறார். மேலாளர் நிம்மதியடைகிறார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது.

அப்கிரேட், மென்பொருளில் இருக்கும் ஓட்டைகளை அடைக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் யார் உள்ளே வரலாம், வந்தவர் எதைத் தொடலாம் என்பதைத் தீர்மானிப்பவை அமைப்புகளும் அனுமதிகளும். அவற்றில் பெரும்பாலானவற்றை அப்கிரேட் இருந்தபடியே விட்டுவைக்கிறது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையே எடுத்துக்கொள்வோம். அதன் 'பப்ளிக்' ஸ்கீமாவில் எந்தப் பயனரும் புதிதாக எதையும் உருவாக்கலாம் என்ற அனுமதி நெடுங்காலம் இருந்தது. சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்கூட, ஏற்கெனவே உள்ள ஒரு ஃபங்ஷனின் பெயரிலேயே இன்னொன்றை அங்கே எழுதி வைக்கலாம். நிர்வாகி தன் வழக்கமான வினவலை ஓட்டும்போது அந்தப் போலி ஃபங்ஷன் நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு இயங்கிவிடக்கூடும். 2018இல் இந்த ஆபத்து குறித்துப் பகிரங்கமாக எச்சரிக்கப்பட்டது. 2022இல் வெளிவந்த 15ஆம் பதிப்பு அந்த அனுமதியை நீக்கியது. யாருக்கு? புதிதாக நிறுவுபவர்களுக்கு. பழைய டேட்டாபேஸை அப்கிரேட் செய்தாலும், டம்ப் எடுத்து மீட்டாலும், பழைய அனுமதி அப்படியே தொடரும் என்று வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. படித்தவர்கள் எத்தனை பேர்?

கடவுச்சொல்லின் கதையும் இதுதான். 14ஆம் பதிப்பு, 2021இல், எம்டி5 முறையை விட்டு ஸ்க்ராம் முறையை இயல்புநிலையாக்கியது. எம்டி5 முறையில் சேமித்த ஹாஷைத் திருடியவருக்குக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கும் வேலைகூட இல்லை. அந்த ஹாஷை வைத்தே நுழைந்துவிடலாம். ஆனால் ஹாஷிலிருந்து அசல் கடவுச்சொல்லை சர்வரால் மீட்க முடியாது. ஆகவே பழைய ஹாஷைப் புதிய முறைக்கு மாற்ற அதனாலும் முடியாது. பயனர் கடவுச்சொல்லை மறுபடி அமைக்கும்வரை 'பிஜி_ஆத்ஐடி' அட்டவணையில் அவருடைய கடவுச்சொல் மதிப்பு 'எம்டி5' என்றே தொடங்கும். எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதால் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மைஎஸ்க்யூஎல்லில் நடப்பது இன்னும் மோசம். 2018இல் வந்த 8.0 பதிப்பு, புதிய கணக்குகளுக்கு வலுவான சரிபார்ப்பு முறையை இயல்புநிலையாக்கியது. பழைய கிளையன்ட் அதைப் புரிந்துகொள்ளாமல் இணைப்பை மறுக்கும். நள்ளிரவு, அப்ளிகேஷன் படுத்துவிட்டது, போன் ஓயாமல் அடிக்கிறது. கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்துப் பழைய முறைக்கே திரும்புகிறார்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வைத்த அந்த வரி ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. 2024இல் வந்த 8.4 பழைய முறையை இயல்பாகவே முடக்கியது. அதே ஆண்டின் 9.0 அதை அடியோடு நீக்கிவிட்டது. தள்ளிப்போட்ட வேலை ஒருநாள் மொத்தமாக வந்து கழுத்தைப் பிடிக்கும்.

"இதையெல்லாம் தயாரிப்பவர்களே தானாக மாற்றித் தரக் கூடாதா?" என்று கேட்பார்கள். கூடாது. உங்கள் அப்ளிகேஷன் எந்த அனுமதியை நம்பி ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்காமல் பறித்தால் மருத்துவமனையின் பதிவேடும் வங்கியின் கணக்கும் ஒரே இரவில் நின்றுபோகும். பழையதைக் காப்பாற்றித் தருவது அவர்கள் கடமை. எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பது நம் கடமை.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் வேலைகளும் அல்ல. முதலில் ஒரு நகலில் அப்கிரேடை ஓட்டிப் பாருங்கள். புதிய பதிப்போடு வரும் கான்ஃபிக் கோப்பையும் உங்கள் பழைய கோப்பையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். எம்டி5 கணக்குகளைப் பட்டியலிட்டுக் கடவுச்சொற்களை மாற்றச் செய்யுங்கள். 'பப்ளிக்' ஸ்கீமாவின் உருவாக்கும் அனுமதியை ஒவ்வொரு டேட்டாபேஸிலும் தனித்தனியே திரும்பப் பெறுங்கள். இடையில் எத்தனை பதிப்புகளைத் தாண்டினீர்களோ, அத்தனையின் வெளியீட்டுக் குறிப்புகளையும் படியுங்கள்.

இதற்கான நேரத்தை அப்கிரேட் திட்டத்திலேயே ஒதுக்காத மேலாளர், வேலையைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறார் என்றே பொருள். தணிக்கையாளர்களும் பதிப்பு எண்ணோடு திருப்தியடையக் கூடாது. யாருக்கு என்ன அனுமதி, எந்தக் கணக்கு எந்த முறையில் நுழைகிறது என்ற பட்டியலைக் கேட்க வேண்டும். அதைக் காட்ட முடியாத நிறுவனம், எந்தப் பதிப்பில் இருந்தாலும் பாதுகாப்பாக இருப்பதாகச் சொல்லிக்கொள்ள உரிமையற்றது.