பழைய பள்ளிக்கு பை வாங்கித் தரப் போறீங்களா? கொட்டேஷன்ல இந்த ஒரு வரியைப் பாருங்க



போன வருஷம் எங்க பள்ளி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வசூல் நடந்துச்சு. ஆலங்குடி பக்கம் நாங்க படிச்ச அரசுப் பள்ளிக்கு 200 துணிப்பை வாங்கணும். குரூப்ல ஒரே சிஏ நான்தான், அதனால கொட்டேஷன் பார்க்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. மொத்த வியாபாரி ஒருத்தர் பைக்கு 120 ரூபாய் சொன்னார். பக்கத்து ஊர் மகளிர் குழு 150 ரூபாய். ஆடிட்டர் புத்தி, குறைஞ்ச விலையை டிக் பண்ணிட்டேன். 6,000 ரூபாய் மிச்சம்னு குரூப்ல கைதட்டல் வேற!

அப்புறம்தான் தெரிஞ்சது. வியாபாரி தைக்கக் கொடுத்ததும் அதே ஊர் அக்காக்கள்கிட்டதான். அவர் கொடுத்த தையல் கூலி பைக்கு 12 ரூபாய். குழுவோட கொட்டேஷன்ல அது 40. நாங்க மிச்சம் பிடிச்சதுல 5,600 ரூபாய் அவங்க கூலி. அதுல சிலரோட பிள்ளைங்க அதே பள்ளியிலதான் படிக்கிறாங்க.

இந்தத் தப்பைத் தடுக்கத்தான் ஃபேர் டிரேட், அதாவது நியாய வணிகம். செய்றவங்களோட செலவும் கௌரவமான கூலியும் தேறுற விலை, ஆர்டரோட முன்பணம், சொன்ன நாளில் பாக்கி. அவ்வளவுதான் அடிப்படை. பிரிட்டன்ல பல பள்ளிகள் இந்த முத்திரை உள்ள பொருளை வாங்குறதோட, அதைப் பாடமாவும் நடத்துறாங்க.

வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 1990களின் தொடக்கத்துல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, நம்ம புதுக்கோட்டையில கல் உடைச்ச பெண்கள் குழுவா சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தாங்க. அதுவரைக்கும் ஒப்பந்தக்காரர்கிட்ட கூலி வேலை, பலர் கொத்தடிமை. அறிவொளி இயக்கம் எழுத்து சொல்லிக் கொடுத்தது, குத்தகை கணக்கை அவங்க கைக்குக் கொண்டு வந்தது. இன்னைக்கும் அரசுப் பள்ளி விலையில்லா சீருடையைத் தைக்கிறது மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள்தான். வழி ஏற்கெனவே பள்ளிக்குள்ள இருக்கு.

"அப்போ விலை கூடினா நியாயமா?" இல்லவே இல்லை. சில தனியார் பள்ளிகள் சொல்ற கடையில சீருடைக்கு அதிகமா கொடுக்கிறோம். அந்தக் கூடுதல் காசு தையல்காரருக்குப் போகுதா? அதனால விலையைவிட, விலைப் பிரிப்பு முக்கியம்.

அடுத்த முறை மூணு விஷயம் செய்யுங்க:

1. துணி, ஜிப், தையல் கூலி, லாபம்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. கூலி வரியை முதல்ல பாருங்க.

2. பாதிப் பணம் முன்னாடி, மீதி பை வந்த அன்னைக்கே. பதிவு செஞ்ச சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல பாக்கி வைக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. உங்க சம்பளம் 45 நாள் தள்ளிப் போனா இஎம்ஐ என்ன ஆகும்?

3. பொருளா கொடுத்தா நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது. அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமா கொடுத்தா பழைய வரி முறையில மட்டும் உண்டு. அதுவும் ரொக்கம்னா 2,000 ரூபாய் வரைக்கும்தான். வரிக்காக இதைச் செய்யாதீங்க.

முடிஞ்சா அந்த விலைப் பிரிப்பை கணக்கு டீச்சர்கிட்ட கொடுங்க. சதவீதம் சொல்லித் தர இதைவிட நல்ல கணக்கு எது? விளையாட்டு விழா பரிசுக்கு ஆதனக்கோட்டை முந்திரி வாங்கினாலும் இதே கேள்வியைக் கேளுங்க: உடைச்ச கைக்கு எவ்வளவு?

எங்க குரூப்ல 40 பேர். அந்த 6,000 ரூபாயைப் பிரிச்சா ஆளுக்கு 150 ரூபாய். ஒரு மாச ஓடிடி சந்தா அளவுதான். இந்த வருஷ வசூல்ல அதைச் சேர்த்தே கேட்டிருக்கோம். ஆர்டர் குழுவுக்குத்தான், முன்பணமும் போயாச்சு.