வண்டிக்கு முரட்டு டயர், மண்ணுக்கு யார் பொறுப்பு?

இயற்கை விவசாயிகள் கூடும் இடங்களில் விதை, பஞ்சகவ்யம், விலை என்று பேசி முடித்ததும் இப்போதெல்லாம் பேச்சு வண்டிப் பக்கம் திரும்பிவிடுகிறது. நேரடி விற்பனைக்கு வந்த பிறகு நம்மில் பலர் பிக்கப் வாங்கிவிட்டோம். "அண்ணா, ஏ.டி. டயர் மாத்தலையா? சேத்துல சும்மா பிச்சுக்கிட்டுப் போகுதாம்" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஏ.டி. என்றால் ஆல் டெரெய்ன். தார் ரோடு, மண் பாதை இரண்டுக்கும் ஆகும் என்று விற்கிற டயர். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதலில் அதன் நல்ல குணத்தைச் சொல்லிவிடுவோம். பட்டன் பெரிசு, பள்ளம் ஆழம், ரப்பர் கனம். ஜல்லி, கூர்கல் கிடக்கும் பாதையில் சாதா டயரைவிட வெட்டுக் காயம் குறைவு, பிடிமானம் அதிகம். கடம்பூர் மலை மாதிரி இடங்களில் தினமும் கரடுமுரடான பாதையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை, தேவை. அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை.

ஆனால் நம்ம வண்டி நாள்பூரா எங்கே ஓடுது? தோட்டத்திலிருந்து ஊர்ச் சாலை, அங்கிருந்து நெடுஞ்சாலை, பிறகு சந்தை. எல்லாம் தார் ரோடு. அங்கே அந்தப் பெரிய பட்டன்களே எதிரி. தாரைத் தொடுகிற ரப்பர் குறைவு. ஒவ்வொரு பட்டனும் லோடில் லேசாக நெளியும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துத்தான் திரும்பும். மழை பெய்த தாரில் பிரேக் போட்டால் நிற்கும் தூரம் கூடும். உருளத் தடை அதிகம் என்பதால் மைலேஜும் குறையும். எங்கள் பக்கம் தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் இறங்க வேண்டுமென்றால் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே எனக்கு வேண்டியது சேற்றுப் பிடிமானம் இல்லை, சொன்ன இடத்தில் நிற்கிற வண்டி.

பலர் டயரை மாற்றும்போது ஒரு சைஸ் பெரிசாகவும் போட்டுவிடுகிறார்கள். வண்டி உயரமாகத் தெரியும், பார்க்க ஜம்முனு இருக்கும். ஆனால் சக்கரம் பெரிசானால் என்ஜினுக்கு கியர் கூட்டின மாதிரி. ஏற்றத்தில் இழுவை குறையும், கிளட்ச் தேயும், பிரேக்குக்கும் வேலை கூடும். விட்டம் 5 சதவீதம் கூடினால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது லோடு. டயரின் பக்கவாட்டில் சைஸுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். அது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறி. 100 என்றால் 800 கிலோ, 112 என்றால் 1120 கிலோ. பின் அச்சில் 2 டன் இறங்கும் வண்டிக்கு 100 எண் டயர் போட்டால் இரண்டும் சேர்ந்தே 1600 கிலோதான். முரட்டுத் தோற்றம் எடையைத் தாங்காது. அந்த எண்தான் தாங்கும். கம்பெனி டயரின் எண்ணுக்குக் கீழே எதையும் போடாதீர்கள். கடைக்காரர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொன்னாலும் போடாதீர்கள்.

ஜீவாமிர்தத் தொட்டியைச் சின்ன டிரெய்லரில் வைத்து பிக்கப்பில் இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இழுவைக்குப் பட்டனைவிட முக்கியம், பின் டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பது. அது தொளதொளத்தால் டிரெய்லர் வாலாட்டும், வண்டியும் சேர்ந்து ஆடும். 1000 லிட்டர் என்பது தொட்டி நீங்கலாகவே ஒரு டன். அரைத் தொட்டி இன்னும் மோசம். திரவம் அலைந்து வண்டியைத் தள்ளும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அதற்குக் குறைந்தால் வால் ஆடும். மிகவும் கூடினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது.

இனி எனக்கு முக்கியமான விஷயம். ஏ.டி. டயர் வாங்கினவர் எங்கே போவார்? இதுவரை வரப்போரம் நிறுத்தின வண்டியை ஈர வயலுக்குள் விடுவார். "போகுதே!" என்ற தைரியம்தான். வண்டி போய்விடும், சரி. மண்ணுக்கு என்ன ஆகிறது? டயரில் எவ்வளவு காற்றழுத்தமோ ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம் மேல்மண்ணில் விழும். அச்சின் எடை அதற்கும் கீழே போய் அடிமண்ணை இறுக்கும். ஈர மண்ணில் இந்தச் சேதத்தின் பெரும்பங்கு முதல் தடவை ஓட்டும்போதே நடந்துவிடுகிறது. மண்புழு போட்ட வழி, வேர் போன வழி, காற்று நின்ற இடம் எல்லாம் மூடிவிடும். மூடாக்குப் போட்டு, பல தானியம் விதைத்து மடக்கி உழுது, வருஷக்கணக்கில் நாம் பொலபொலப்பாக்கிய மண் அது. கரிசல் காட்டில் இந்த டயராலும் பெரிய பலன் இல்லை. நாலு சுற்றில் பள்ளமெல்லாம் களிமண் அடைத்து மொழுக்கட்டையாகிவிடும்.

அதனால் டயருக்குப் போடும் பணத்தில் ஒரு பகுதியை வண்டித் தடத்துக்குப் போடுங்கள் என்கிறேன். தோட்டத்தில் மேடான ஓரமாக ஒரே ஒரு தடம். கிராவல் அடித்து, தண்ணீர் வடிய வாய்க்கால் எடுத்துவிட்டால் மழைக்காலத்திலும் வண்டி அதுவரை வரும். அதற்கு அப்பால் தள்ளுவண்டி, தலைச்சுமை, மாட்டு வண்டி, எது முடியுமோ அது. கூலி கொஞ்சம் கூடும்தான். இறுகின அடிமண்ணை மறுபடி இளக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாதை உண்மையிலேயே மோசம், ஏ.டி. போட்டுத்தான் ஆகணும் என்றால் கம்பெனி சொன்ன சைஸிலேயே போடுங்கள். நாலுக்கும் ஒரே மாதிரி, ஸ்டெப்னிக்கும் அதே. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்றால் மழையில் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. சேற்றுக்காகக் காற்றைக் குறைத்தால் தார் ஏறும் முன் திரும்ப அடியுங்கள். குறைந்த காற்றில் லோடோடு ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும்.

டயர் கடைக்குப் போகும் முன் ஒரு மாதம் நோட்டில் எழுதி வையுங்கள்: தாரில் எத்தனை கிலோமீட்டர், மண்ணில் எத்தனை, வயலுக்குள் எத்தனை. முதல் இரண்டு கணக்கும் எந்த டயர் என்று சொல்லிவிடும். மூன்றாவது கணக்கு பூஜ்யமாக இருக்கட்டும்.