பறந்தவர் யார்? விழுந்தவர் யார்?

பேரையூர்க் கடைத்தெருவில், தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து ஏடு படித்துக்கொண்டிருந்த தோழர் ஒருவர் நம்மை நோக்கிக் கேட்டார்: "விமானக் கம்பெனி திவாலானா நமக்கென்னண்ணே? திருமங்கலம் போறதுக்கே பஸ்ஸிலே நின்னுக்கிட்டுத்தானே போறோம்?"

நியாயமான கேள்வி. நையாண்டியும் கலந்த கேள்வி. தலைக்கு மேலே பறக்கிற அந்த வெள்ளிப் பறவையில் ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆயினும் தோழர்களே, அதன் லாபம் பறக்கும்போது நம் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நட்டம் விழும்போது மட்டும் நம் தலையைத் தேடி விழுகிறது. எப்படி என்கிறீர்களா? கேளுங்கள்.

வான்வழி வாணிபம் சர்க்காருக்கே உரியது என்று 1953-இல் சட்டம் செய்தார்கள். 1994-இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். வானம் தனியாருக்குத் திறந்தது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோதிலுப்ட், நமது சென்னையின் என்.இ.பி.சி. என்று வரிசையாக வந்தன. பத்தாண்டு நிறையுமுன்னே வரிசையாக மறைந்தன.

நின்று நிலைத்தது ஜெட் ஏர்வேஸ். 1993 மே திங்களில் பறக்கத் தொடங்கிய கம்பெனி, 2007-இல் சகாரா விமானக் கம்பெனியையே 1,450 கோடி ரூபாய்க்கு விலைபேசி விழுங்கிற்று. விழுங்கியது செரிக்கவில்லை. கடன் ஏறியது, சம்பளம் நின்றது. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரசிலிருந்து பம்பாய்க்குப் பறந்ததோடு அதன் கதை முடிந்தது. ஏறத்தாழ 20,000 குடும்பங்களின் அடுப்பும் அன்றோடு அணைந்தது.

திவால் சட்டம் என்று 2016-இல் ஒன்று கொண்டுவந்தார்களே, அது என்ன சொல்கிறது? 330 நாட்களுக்குள் வழக்கை முடி என்கிறது. ஜெட் வழக்கு 2019 ஜூனில் தீர்ப்பாயம் ஏறியது. மீட்கிறோம் என்று ஒரு கூட்டு வந்தது, திட்டம் தந்தது, தீர்ப்பாயம் 2021-இல் ஒப்புக்கொண்டது. விமானம் மட்டும் எழவில்லை. 2024 நவம்பர் 7-இல், இனி மீட்சியில்லை, சொத்தை விற்றுக் கணக்கை முடியுங்கள் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்தாண்டுக்கு மேல் ஆயிற்று! இதற்கிடையே தங்கள் சேமநிதியையும் பணிக்கொடையையும் கேட்டே தொழிலாளர்கள் மேல்முறையீடு வரை நடக்க வேண்டியதாயிற்று. உழைத்துச் சேர்த்த பணத்தை "கொடு" என்று சொல்ல நீதிமன்றப் படிக்கட்டு! ஈதென்ன நீதி?

இனி, சட்டத்திலே தொழிலாளிக்குப் பங்கு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. தாராளமாகவே எழுதியிருக்கிறார்கள். சொத்தை விற்ற பணத்தில் முதலில் வழக்குச் செலவு. அடுத்து, தொழிலாளியின் 24 மாதச் சம்பளமும், ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர் பங்கும் சமமாக. அதற்கும் அடுத்தபடியில் ஏனைய ஊழியருக்கு 12 மாதச் சம்பளம். ஏட்டிலே இனிக்கிறது. ஆனால் விற்பதற்கு என்ன இருக்கிறது? மில் மூடினால் தறி இருக்கும், கட்டடம் இருக்கும், நிலம் இருக்கும். விமானக் கம்பெனிக்கு விமானமே பெரும்பாலும் வாடகை! நிலையம் பிறருடையது. இலை போட்டாயிற்று, வரிசையாக உட்கார வைத்தாயிற்று. பானையிலே சோறு இல்லை.

கோ பர்ஸ்ட் கதையைப் பாருங்கள். 2023 மே 2-இல் தானாகவே திவால் மனு போட்டது. அமெரிக்க எஞ்சின் கம்பெனி மேல் பழி போட்டது. விமானத்தை வாடகைக்குக் கொடுத்த வெளிநாட்டார் ஓடோடி வந்து வழக்காடினர். 2024 ஏப்ரலில் டில்லி உயர்நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்கச் சொன்னது. அவர்கள் தங்கள் பொருளை மீட்டனர். 2025 ஜனவரியில் கம்பெனியைக் கலைக்க ஆணை வந்தது. அதே 2025-இல், வாடகை விமானத்தை உரியவர் விரைந்து மீட்டுக்கொள்ள வழிசெய்து, டில்லி ஒரு தனிச் சட்டமே நிறைவேற்றியது.

அதைத் தவறென்று நாம் கூறவில்லை. தன் பொருளைத் தான் கேட்பது முறைதான். நாம் கேட்பது இதுதான்: வாடகைக்கு விட்டவனுக்கு விமானம் சொந்தம் என்றால், உழைத்தவனுக்கு உழைப்பு சொந்தமில்லையா? இரும்புக்கு ஒரு சட்டம்; இரத்தத்திற்கு வரிசையில் ஓர் இடம். இதுதானா டில்லியின் தராசு?

கிங்பிஷரை மறந்தீர்களா? 2012-இல் பறப்பது நின்றது. கோடிக்கணக்கில் கடன் வாங்கிய முதலாளி 2016 மார்ச்சில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அவருடைய சொத்திலிருந்து பாங்கிகளுக்கு 14,131 கோடி ரூபாய் திரும்பியதாக நிதியமைச்சர் 2024 டிசம்பரில் மக்களவையில் கூறினார். மகிழ்ச்சி! அது நம் மக்களின் சேமிப்பு. ஆனால் 2012-இல் நின்றுபோன சம்பளத்திற்கு அங்கே உழைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஏங்கிக் கிடந்தார்களே, அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

வடநாட்டார் கம்பெனி என்பதால் வசைபாடுகிறோம் என்று எண்ண வேண்டா. மதுரை நூற்பாலைக் குடும்பத்திலிருந்து வந்தவர் தொடங்கிய பாரமவுண்ட் விமானக் கம்பெனியும் 2005-இல் எழுந்து, வாடகைக்கு விமானம் தந்தவரோடு வழக்காகி, 2010-இல் நின்றது. நம்மூர்க்காரர் என்பதால் நாம் கணக்கை மாற்றி எழுத மாட்டோம். முதலாளி எந்தத் திசையில் பிறந்தாலும், தொழிலாளியின் பசி ஒன்றுதான்.

"எண்ணெய் விலை ஏறினால், போட்டி மிகுந்தால், நட்டம் வரத்தானே செய்யும்?" என்று கேட்பார்கள். வரட்டும். வாணிபத்தில் நட்டம் இயல்பு. நட்டத்தை யார் தலையில் ஏற்றுவது என்பதே கேள்வி. ஏர் இந்தியாவை 2022 ஜனவரியில் டாட்டாவிடம் ஒப்படைத்தபோது 15,300 கோடிக் கடன் டாட்டா பக்கம் போயிற்று; 46,000 கோடிக்கு மேற்பட்ட கடன் சர்க்கார் பக்கம் தங்கிற்று. சர்க்கார் பக்கம் என்றால் யார் பக்கம்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறவன் பக்கம்! தோழரே, நீங்கள் கேட்டீர்களே, நமக்கென்ன என்று; இதுதான் நமக்கு.

நம் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி பொய்த்தவன், மனைவியின் தாலிக்கொடியை ஈடு வைக்கிறான். தவணை தவறினால் நோட்டீஸ் வருகிறது; பிறகு ஏலம். அவனுக்கு ஐந்தாண்டு அவகாசம் இல்லை. மீட்புத் திட்டம் இல்லை. கப்பலேறிப் போக இங்கிலாந்தும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. விமானம் ஓட்ட உரிமம் கேட்பவன், தன் ஊழியரின் மூன்று மாதச் சம்பளத்தைத் தொடமுடியாத வைப்பாகக் கட்டட்டும். சம்பளமோ சேமநிதியோ பாக்கி விழுந்தால், புதிதாகச் சீட்டு விற்பதை அன்றே நிறுத்தட்டும். ஏமாறும் பயணியும் பிழைப்பான். திவால் வரிசையில் கூலி முதலில் நிற்கட்டும். கடன் பின்னால் நிற்கட்டும்.

இந்த மூன்றும் நாடாளுமன்றத்தில் ஒலிக்க வேண்டும். அதற்கு முன்னே தொழிற்சங்கக் கூட்டத்திலும், கிளைக்கழகப் படிப்பகத்திலும், பேரையூர்த் தேநீர்க்கடைப் பலகையிலும் ஒலிக்க வேண்டும்.

வானத்தில் பறப்பவர் பறக்கட்டும். ஆனால் விழுகிறபோது, சுமந்தவன் முதுகின்மேல் விழ வேண்டா!