மரம் விழுமுன் முடிவு வேண்டும்

புயல் கடந்து சென்றபின் ஊர்தோறும் ஒரு வழக்கு எழுகின்றது. கொப்பு முறிந்து, அடி உக்கி, வீதியோரத்தில் சாய்ந்து நிற்கும் பழைய மரத்தை என்ன செய்வது? தறிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். பாட்டன் காலத்து மரம், தொடலாகாது என்பர் மறு சாரார். இரு சாராரும் பேசிக் களைத்தபின், மரம் நின்றபடியே நிற்கும். அடுத்த காற்று வந்து தீர்ப்பளிக்கும்.

நாம் அறிந்த கிராமம் ஒன்றில் நடந்ததைக் கூறுவோம். பஸ் தரிப்பிடத்துக்கு மேலே கிளை பரப்பி நின்ற புளிய மரம் ஒன்று புயலில் சாய்ந்தது. மரம் வீதிக்குரியது என்றது பிரதேச சபை. வேர் தனியார் காணியில் உள்ளது என்றனர் வீதிக்குப் பொறுப்பானவர்கள். மின்கம்பி குறுக்கே செல்வதால் தம்மால் கை வைக்க இயலாது என்றார் காணிக்காரர். மூன்று மாதம் கடிதங்கள் நடந்தன. ஓர் இரவு, காற்றே இல்லாத வேளையில், பெருங்கிளை முறிந்து தரிப்பிடத்தின் மேல் விழுந்தது. காலை ஏழரை மணிக்கு அங்கே பள்ளிப் பிள்ளைகள் கூடி நிற்பது வழக்கம். அவர்களைக் காத்தது எந்த அதிகாரியின் கையொப்பமும் அன்று. விழுந்த நேரம் ஒன்றே.

எல்லாருக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில், ஓடிக்கொண்டிருந்த பஸ் மீது வீதியோர மரம் விழுந்து ஐவர் மாண்டனர். தலைநகரின் நடுவிலேயே இவ்வாறெனில், எமது கிராமங்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? 1964 டிசெம்பர், 1978 நவம்பர் 23, 2020 டிசெம்பர் 2இன் புரவி, 2025 நவம்பர் இறுதியின் டித்வா எனப் புயலை நாம் திரும்பத் திரும்பக் கண்டவர்கள். அது மீண்டும் வரும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

ஆயின், சாய்ந்த மரம் யாவற்றையும் வெட்டி வீழ்த்துவதே நியாயமா? அன்று. நிழல் தரும் பெருமரம் ஒன்று உருவாக ஒரு தலைமுறை செல்லும். அதனை வீழ்த்த ஒரு முற்பகல் போதும். ஆகவே வாளை எடுக்குமுன் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டல் வேண்டும்.

முதற் கேள்வி: மரம் விழுந்தால் எதன்மீது விழும்? ஆளரவமற்ற வயல் வரம்பில் நிற்கும் உக்கிய மருதமரம் ஆந்தைக்கும் கிளிக்கும் வீடாகும், அதை விட்டுவிடலாம். பள்ளிக்கூட வாயிலில் நிற்பதற்கு அந்தச் சலுகை இல்லை.

இரண்டாவது: மரத்தின் பலம் எவ்வளவு? பொந்தைக் கண்ட மாத்திரத்தே மரண தண்டனை விதித்தல் தவறு. மரத்தின் உயிரோட்டம் பட்டையை அடுத்த பகுதியிலே நடைபெறுகின்றது. நடுவிலுள்ள வைரம் உயிரற்றது. ஆதலால் உள்ளே வெறுமையான மரமும் பல்லாண்டு நிற்கக்கூடும். எஞ்சியுள்ள நல்ல மரத்தின் தடிப்பு, அடிமரத்தின் ஆரத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறைந்தால் எச்சரிக்கை கொள்ளுதல் மரவியலார் பலர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. மறுபுறம், இலை பசுமையாயிருப்பது பலத்துக்கு அத்தாட்சி ஆகாது. வேர் உக்கிய மரமும் தளிர் விடும். அடியில் காளான் முளைத்திருக்கிறதா, சாய்ந்த திசைக்கு எதிர்ப்புறத்தில் மண் கிளம்பியிருக்கிறதா, அடிமரத்தில் நெடுக வெடிப்பு ஓடுகிறதா, கிளைக் கவட்டில் பிளவு உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது: தறிக்காமலே ஆபத்தைக் குறைக்க வழி உண்டா? பாரமான கிளைகளை அளவாகக் கழித்தால் காற்றின் பிடி தளரும். மொட்டையடித்தலும், பொந்தைச் சீமெந்தால் அடைத்தலும், வெட்டுவாயில் தார் பூசுதலும் பழைய பிழைகள். அவை உக்கலைத் தடுப்பதில்லை.

தென்னையும் பனையும் இக்கணக்கில் அடங்கா. அவற்றுக்குக் குருத்து ஒன்றே. அது முறிந்தால் மரம் பிழைக்காது. பட்ட தென்னையைத் தோட்டத்தில் உக்க விடுவது, அதில் வண்டு பெருகி அயல் மரங்களை அழிக்க இடமளிப்பதாகும். கமக்காரர் தாமதியாது அகற்றுதல் நன்று. ஆனால் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி பெறாமல் தறித்தல் குற்றம் என்பதை மறவாதிருப்பார்களாக.

சட்டம் இல்லை என்று எவரும் கைவிரிக்க முடியாது. பொதுமக்களுக்கு ஆபத்தான தொல்லையை அகற்றுமாறு கட்டளையிட, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நீதவானுக்கு அதிகாரம் அளித்துள்ளது. குறைபாடு சட்டத்தில் இல்லை. பொறுப்பேற்கத் துணியாத மனத்திலேயே உள்ளது. தறிக்கக் கட்டளையிட்டவரை ஊர் ஏசும். தறிக்காது விட்டவரை, மரம் விழுந்தபின்னும், விதியின் பெயரால் ஊர் மன்னித்துவிடும். இந்த அநீதியான கணக்கே அதிகாரிகளின் மௌனத்துக்குக் காரணம். முடிவெடாமையும் ஒரு முடிவே என்பதை நாம் வலியுறுத்துகிறோம்.

உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சு முதல் இரண்டாண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்தன. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின்பின் அவை மீண்டும் கூடியுள்ளன. தம் ஊர் மரத்தைப் பற்றித் தாமே தீர்மானிக்க இயலாத சபை வேறெதனைத் தீர்மானிக்கப் போகின்றது? ஒவ்வொரு புயலின் பின்னும் சபை தன் எல்லையிலுள்ள ஆபத்தான மரங்களைப் பதிவேட்டில் இடட்டும். முறைப்பாடு கிடைத்த பதினான்கு நாளுள், தறிப்பதா, கிளை கழிப்பதா, விடுவதா என்று காரணத்தோடு எழுதிக் கையொப்பமிடட்டும். வேறொரு திணைக்களத்தின் மரமெனில், அறிவித்த திகதியைப் பதிந்து, பொது மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். பலகைக்கும் விறகுக்கும் ஆசைப்பட்டே தறித்தார்கள் என்ற பேச்சு எழாதிருக்க, தறித்த மரம் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டுப் பணம் சபையின் கணக்கில் சேரட்டும். வீழ்ந்த ஒன்றுக்கு இரண்டு கன்று நாட்டப்படட்டும்.

கற்றோரும் கமக்காரரும் தம் சபை உறுப்பினரிடம் இதனை இம்மழைக்காலத்துக்கு முன்னரே கேட்டல் வேண்டும். மரத்துக்காகக் கண்ணீர் விடுவோரையும் நாம் மதிக்கிறோம். அக்கண்ணீர் ஒரு பிள்ளைக்காகச் சிந்தப்படலாகாது.