டயர் சீக்கிரம் தேயுதா? டிரைவரைத் திட்டும் முன் லோடைப் பாருங்க!

2025 செப்டம்பரில் டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் பலன் முழுசாக வாடிக்கையாளர் கைக்கு வந்தால், டயர் விலை சுமார் 8 சதவீதம் இறங்கும். லோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால், 50,000 கி.மீ. ஓட வேண்டிய டயர் 25,000 கி.மீ.யிலேயே மொட்டையாகிவிட்டால்? வரியில் மிச்சமானதைப் போலப் பல மடங்கு பணம் ரோட்டிலேயே தேய்ந்து போய்விடும்.

குட்டி யானை என்று எல்லோரும் கூப்பிடும் டாடா ஏஸ், பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த்... தமிழ்நாட்டில் இந்த வண்டிகள் ஓடாத தெருவே இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் இருந்து கிளம்பும் தக்காளிப் பெட்டியோ, வீடு மாறும்போது நீங்கள் ஏற்றிவிடும் ஃப்ரிட்ஜோ, பெரும்பாலும் இந்த நாலு டயர் மேல்தான் வருகிறது.

அந்த டயர் பாதியிலேயே போச்சுன்னா, முதல் திட்டு டிரைவருக்கு. அடுத்த திட்டு டயர் கம்பெனிக்கு. வண்டியில் லோடு ஏற்றச் சொன்னவரை மட்டும் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான்.

தேய்மானத்தைப் பார்த்தே காரணம் சொல்லலாம்

டயர் எல்லாக் காரணத்துக்கும் ஒரே மாதிரி தேயாது.

• நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால், காற்று அதிகம்.

• இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் அப்படியே இருந்தால், காற்று குறைவு அல்லது லோடு அதிகம்.

• உள்பக்கமோ வெளிப்பக்கமோ ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் கோளாறு.

• அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால், ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அல்லது பேலன்சிங் சரியில்லை.

• ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்தால், சக்கரம் லாக் ஆகும் அளவுக்கு பிரேக் பிடித்திருக்கிறார்கள்.

இதில் கடைசி ஒன்றை டிரைவர் கணக்கில் எழுதலாம். மற்றவை பராமரிப்பு, ரோடு, லோடு ஆகிய மூன்றும் சேர்ந்த விவகாரம்.

ஓவர்லோடு டயரை என்ன செய்கிறது?

ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் லோடு இண்டெக்ஸ் என்று ஒரு எண் இருக்கும். உதாரணமாக 100 என்று இருந்தால், குறிப்பிட்ட காற்றழுத்தத்தில் அந்த ஒரு டயர் அதிகபட்சம் 800 கிலோ தாங்கும் என்று அர்த்தம். எடையைத் தாங்குவது ரப்பர் மட்டும் அல்ல. முக்கியமாக உள்ளே இருக்கும் காற்று.

அந்த எல்லையைத் தாண்டினால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அளவுக்கு மீறி மடங்கி விரியும். அதில் சூடு ஏறும். சூடான ரப்பர் வேகமாகத் தேயும். மே மாதத் தார் ரோட்டின் வெப்பமும் சேர்ந்தால், தேய்வதோடு நிற்காது. டயர் வெடிக்கவும் செய்யும்.

பலர் இதற்கு ஒரு 'தீர்வு' வைத்திருக்கிறார்கள். பட்டறையில் பின்பக்கம் எக்ஸ்ட்ரா பட்டை போட்டுவிடுவது. அதன் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் வண்டி பின்னால் அமுங்காது. பார்ப்பதற்கு 'தாங்குது' என்றுதான் தோன்றும். உண்மையில் பலமானது பட்டை மட்டும்தான். டயர், ரிம், பிரேக், ஆக்சில் எல்லாம் கம்பெனி கொடுத்த அதே பழைய அளவு. அமுங்கிக் காட்டிய வண்டி, எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. எக்ஸ்ட்ரா பட்டை அந்த எச்சரிக்கையை நிறுத்திவிடுகிறது.

48 பைசாவா, 96 பைசாவா?

ஒரு சின்னக் கணக்கு. டயர் ஒன்று 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு டயருக்கு 24,000. அது 50,000 கி.மீ. ஓடினால், கி.மீ.க்கு டயர் செலவு 48 பைசா. 25,000 கி.மீ.தான் ஓடினால் 96 பைசா.

தினமும் 150 கி.மீ., வருஷத்துக்கு 300 நாள் ஓடும் வண்டிக்குக் கூடுதல் செலவு 21,600 ரூபாய். வரி குறைப்பால் ஒரு செட்டுக்கு மிச்சமாவதோ சுமார் 2,000 ரூபாய். இத்தனைக்கும் இது டயர் கணக்கு மட்டும். டீசல், கிளட்ச், பிரேக் எதையும் இதில் சேர்க்கவில்லை.

கம்பெனியிடம் கிளெய்ம் கேட்கலாமா? பொதுவாக வாரண்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்குத்தான். ஓவர்லோடிலும் தப்பான காற்றிலும் தேய்ந்த டயரை எடுத்துக்கொண்டு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

லாபம் ஒருவருக்கு, தேய்மானம் இன்னொருவருக்கு

இங்கேதான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. லோடு வண்டி வாடகை பெரும்பாலும் எடைக்குப் பேசப்படுவதில்லை, நடைக்குப் பேசப்படுகிறது. வாடகை ஒரே தொகை என்றால், 1.5 டன் வண்டியில் 2.5 டன் ஏற்றுவது சரக்குக்காரருக்கு லாபம். இரண்டு நடை ஒரே நடையில் முடிந்துவிடுகிறது. மிச்சமான பணம் அவர் பையில். தேய்ந்த டயர் வண்டிக்காரர் தலையில்.

'முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். சொன்னால், ஸ்டாண்டில் அடுத்து நிற்கும் வண்டி அந்த லோடை ஏற்றிக்கொள்ளும். இஎம்ஐ தேதி நெருங்கும்போது, ஆறு மாதம் கழித்து வரப்போகும் டயர் செலவு யார் கண்ணுக்கும் தெரியாது. சரக்குக்காரரும் பெரும்பாலும் சின்ன வியாபாரிதான். இரண்டாவது நடை என்பது அவருக்கும் சுமை. ஆனால், அந்தச் சுமையை மாற்றுவதற்கு வேறொருவரின் டயர் வழி ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவின்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் வரை வண்டியை நகர்த்தவும் விடக்கூடாது.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டியை ஓட்டியவரை மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. அப்படி ஓட்ட வைத்தவரையும், ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் சோதனை நடப்பது நெடுஞ்சாலையில். அங்கே கையில் சிக்குவது ஸ்டீயரிங் பிடித்தவர் மட்டும். ஏற்றச் சொன்னவர் சந்தையிலோ குடோனிலோ அடுத்த வண்டிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் சோதனையும் லோடு ஏறும் இடத்திலேயே தொடங்க வேண்டும். பெரிய சந்தைகள், மணல் யார்டுகள், குடோன்களின் வாசலில் எடை மேடை வைத்து, எடைச் சீட்டு இல்லாமல் லோடு வண்டி வெளியே போகக்கூடாது என்று ஆக்கலாம். அந்தச் சீட்டில் சரக்கு அனுப்பியவர் பெயரும் இருக்க வேண்டும். அப்போதுதான் 'ஓட்ட வைத்தவர்' யார் என்பது காகிதத்தில் வரும்.

டிரைவர் மீது தப்பே இல்லையா?

இருக்கிறது. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் தனித்தனி காற்றளவு போட்டிருந்தாலும், பலர் ஒரே அளவைத்தான் வைக்கிறார்கள். ஓடி வந்து சூடாக இருக்கும் டயரில் அளந்துவிட்டு, 'காத்து அதிகமா இருக்கு' என்று இறக்கிவிடுவதும் நடக்கிறது. டயர் ஆறியதும் காற்று குறைந்துபோய், ஓரங்கள் தேயத் தொடங்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் அளப்பதே சரி.

சுமார் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயரை இடம் மாற்றி, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால், அந்த டயர் சட்டப்படியும் ஓடத் தகுதி இல்லாதது. மழை ரோட்டில் அது பிரேக் பிடிக்காது.

இதெல்லாம் டிரைவர் செய்ய வேண்டியது. ஆனால் இவை அத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும், ஒரு டன் கூடுதலாக ஏற்றினால் பலன் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை வீடு மாறவோ, கடைக்குச் சரக்கு எடுக்கவோ ஆப்பில் வண்டி புக் பண்ணும்போது, வாடகையைப் பார்ப்பதற்கு முன் அந்த வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். ஆர்சியில் உள்ள மொத்த எடையில் இருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான், டிரைவர் உட்பட அந்த வண்டி சுமக்கக்கூடிய எடை. அதைத் தாண்டும் என்று தெரிந்தால், பெரிய வண்டி எடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது நடைக்கும் காசு கொடுங்கள். 'இன்னும் நாலு மூட்டைதானே அண்ணே, ஏத்திக்கோங்க' என்று கேட்காதீர்கள். அந்த நாலு மூட்டைக்கான வாடகையை அண்ணன் டயர் கடையில் கட்டிக்கொண்டிருப்பார்.